முப்பது வார்த்தைக்குக் குறையாமல்

பகல் முழுக்க ஊரார் வாயைத் திறக்க வைப்பான். மதியச் சாப்பாட்டு வேளையில் அரை மணி நேரம் ஊரார் வாயைப் பூட்டுவான். ஆக்காட்டின் பிழைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவனுக்கு வேறு ஒரு பெயர் இருந்தது. அது ஆஸ்பத்திரிச் சீட்டிலும் ரேஷன் அட்டையிலும் தூங்கிக்கொண்டிருந்தது. தெருவில் எல்லாருக்கும் அவன் ஆக்காட்டுதான். பல் டாக்டரம்மாவிடம் இருபத்திரண்டு வருஷமாக உதவியாள். நாற்காலியில் வந்து சாய்கிறவர்களிடம் "ஆ காட்டுங்க" என்று அவன் சொல்லிச் சொல்லி, ஊரில் கைக்குழந்தைகள்கூட அவனைப் பார்த்தால் வாயைப் பிளந்தன. எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு அவன் எட்டிப் பார்த்த வாய்களை வரிசையாக நிறுத்தினால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டில் இடமில்லாமல் நிற்கும்.

இந்தத் தொழிலில் அவனுக்கு ஒரு பாஷை கைவந்திருந்தது. வாயில் பஞ்சு, குழாய், கண்ணாடி, டாக்டரம்மாவின் இரண்டு விரல் எல்லாம் குடியிருக்கும்போது ஒரு மனுஷனால் சொல்ல முடிந்தது ஒன்றே ஒன்று: "ம்". அதில் பதினாலு வகையை ஆக்காட்டு பிரித்துச் சொல்வான். வலிக்கிறது என்கிற ம், வலிக்கவில்லை ஆனால் பயமாக இருக்கிறது என்கிற ம், துப்ப வேண்டும் என்கிற ம், வாசலில் விட்ட புதுச் செருப்பு இன்னும் இருக்கிறதா என்கிற ம். டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டு "மரத்துப் போச்சா?" என்று கேட்பாள். நோயாளி "ம்" என்பார். டாக்டரம்மா அதை நம்ப மாட்டாள், ஆக்காட்டின் முகத்தைத்தான் பார்ப்பாள். அவன் தலையாட்டினால் குறடு உள்ளே போகும். இல்லையென்றால், "ரெண்டு நிமிஷம் போகட்டும் டாக்டர், இவரு மரியாதைக்குச் சொல்றாரு" என்பான். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருமுறையும் தப்பியதில்லை.

அடுத்தவர் மரத்துப் போனதைக் கண்டுபிடிப்பதில் இப்படிக் கெட்டிக்காரன், தன் விஷயத்தில் மட்டும் கோட்டை விட்டான். பெண்சாதி இறந்து நாலு வருஷம் ஆகிறது. அன்றைக்கு யாரோ வந்து உள்ளே ஊசி போட்டுவிட்டுப் போன மாதிரி ஆனவன்தான். அழவில்லை. குடிக்கவில்லை. காலையில் சட்டை போட்டான், சாயங்காலம் கழற்றினான். ஒருநாள் கதவிடுக்கில் விரல் நசுங்கிவிட்டது. மாடிவீட்டுக்காரர் பதறிப்போய், "ஐயோ, ரத்தம் வருதே" என்று ஓடிவந்தார். ஆக்காட்டு விரலைத் தூக்கிப் பார்த்து, "ஆமா, வருது" என்று ஒப்புக்கொண்டான்.

டாக்டரம்மா தூக்கிப் போட இருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று அவன் வீட்டுக்கு வந்தது. அதில் லாரி ஓட்டுகிற கேம் ஒன்று இருந்தது. கார் பந்தயம் இருந்தது, சண்டை இருந்தது, மிட்டாய் உடைக்கிறது இருந்தது. இவன் லாரியில் ஏறிக்கொண்டான். ஏன் லாரி என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. அவனுடைய கூடப் பிறந்த அண்ணன் நிஜ லாரி டிரைவர் என்பதை நாம் வேண்டுமானால் ஒரு பக்கமாக எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

கேம் ஆடுகிறவர்கள் கூடிப் பேசுகிற ஃபோரம் ஒன்று உண்டு. நீள ட்ரெய்லரை எப்படிப் பின்னால் எடுத்து, சந்துக்குள் நுழைந்து, சுவரில் உரசாமல் நிறுத்துவது என்று ஆக்காட்டு, தெருவில் கூப்பிடுகிற அதே பெயரில், அங்கே எழுத ஆரம்பித்தான். பேச்சில் நாலு வார்த்தைக்கு மேல் செலவழிக்காதவன், ரிவர்ஸ் எடுப்பது பற்றி மட்டும் முழம் முழமாக எழுதினான். சட்டென்று பேர் பரவிவிட்டது. ஒரு வருஷத்தில் அட்மின் ஆக்கிவிட்டார்கள். கூட இன்னொரு அட்மின் பிரேக் அக்கா. டிரைவிங் ஸ்கூல் ஆபீசில் இருபது வருஷம் விண்ணப்பத்தில் தப்புக் கண்டுபிடித்த அம்மாள். நேரில் பார்த்ததில்லை, குரல்தான். ஃபோனில் அந்தக் குரல் வந்தால் ஆக்காட்டு உட்கார்ந்த இடத்தில் சீட் பெல்ட்டைத் தேடுவான்.

இனி அண்ணன் கதை.

ஆக்காட்டின் பெண்சாதி இறந்த அன்று அண்ணன் எங்கேயோ தொலைதூரத்தில் லோடோடு இருந்தார். பன்னிரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வாடகை நாற்காலிகளை ஆட்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற அண்ணனைப் பார்த்து ஆக்காட்டு, "எல்லாம் முடிஞ்சுது, நீ கிளம்பு" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, டோக்கன் நம்பர் கூப்பிடுகிற குரலில் சொன்னான். அண்ணன் நாலு நாற்காலியைத் தூக்கி வண்டியில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதோடு பேச்சு நின்றது. இவனும் கூப்பிடவில்லை, அவரும் கூப்பிடவில்லை. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பிடிவாதங்கள்.

இரண்டு வருஷம் கழித்து, ஃபோரத்தில் 'இடதுபக்க பம்பர்' என்று ஒரு புது ஆள் வந்து சேர்ந்தார். பெயருக்குப் பக்கத்தில் ஒரு நசுங்கின பம்பரின் படம். அந்த நசுங்கல் எந்த வருஷம், எந்தப் பாலத்தில் பட்டது, அன்றைக்கு வண்டிக்குள் யார் யார் இருந்தார்கள் என்பது வரை ஆக்காட்டுக்குத் தெரியும். அண்ணன் கேம் ஆடுகிறவர் இல்லை. நாள் முழுக்க நிஜ ஸ்டீரிங்கைப் பிடிக்கிற மனுஷன் பொம்மை லாரியை என்ன செய்வார்? படித்தது இரண்டாம் வகுப்பில் பாதி. எதிர்வண்டியின் முதுகில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அந்த வண்டி அடுத்த மாவட்டத்துக்குப் போயிருக்கும். அப்படிப்பட்டவர், ஆக்காட்டு எழுதுகிற ஒவ்வொரு பதிவின் அடியிலும், ஒரு லோடு இறக்கி முடிக்கிற நேரம் கழித்து, ஒற்றை எழுத்துப் போடுவார்.

"ம்."

அவ்வளவுதான். வேறு யார் பதிவுக்கும் போட மாட்டார். இவன் பதில் எழுதியதில்லை. ஆனால் மதியம் கருவிகளை வேகவைக்கிற அறையில் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கையில் சோற்றுக் கரண்டியும் மறு கையில் ஃபோனுமாக, முதலில் பதிவின் அடி வரைக்கும் இறங்கி அந்த எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பான். இருக்கும். பார்த்துவிட்டுச் சாப்பிடுவான். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. வண்டியில் எண்ணெய் இருக்கிறதா என்று குச்சி விட்டுப் பார்க்கிற மாதிரி. அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் உலகத்தில் மிச்சம் இருந்த பேச்சு மொத்தமும் அந்த ஒரு எழுத்துத்தான். அது போனால் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பொட்டுப் புள்ளிகூடக் கிடையாது.

அதைத்தான் அவன் தன் கையாலேயே பூட்டினான்.

ஃபோரம் அப்போது சந்தைக்கடையாக இருந்தது. புதுப் பையன் ஒருத்தன், "ரிவர்ஸ் எடுக்கும்போது ட்ரெய்லர் மடங்கிக்குது, என்ன செய்யணும்?" என்று பயபக்தியோடு கேட்டான். இருநூற்றுப் பன்னிரண்டு பதில் வந்தது. அதில் அறுபத்தொரு பேர் 'முதல் ஆளு நான்' என்று எழுதியிருந்தார்கள். நாற்பது பேர் 'ரெண்டாவது ஆளு நான்'. மிச்சம் சிரிக்கிற மூஞ்சி, அழுகிற மூஞ்சி, 'ஹிஹி', 'அதே', 'சூப்பரு'. ஸ்டீரிங்கை எந்தப் பக்கம் திருப்பணும் என்று ஒரு ஜீவன் சொல்லவில்லை. கேட்டவன், 'எல்லாருக்கும் நன்றி, நான் மிட்டாய் உடைக்கப் போறேன்' என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

பிரேக் அக்கா ஃபோன் போட்டாள். ஒரு பதிவில் இத்தனை வார்த்தை இருந்தே ஆகவேண்டும், மூன்று தடவை குறைந்தால் எழுதும் உரிமை போச்சு என்று கட்டுப்பாடு போடலாமா என்று யோசனை கேட்டாள். ஆக்காட்டு உற்சாகமாகத் தலையாட்டினான். உற்சாகம் என்றால் அவன் அளவுக்கு. அந்தத் தண்டனைக்கு 'வாய்ப்பூட்டு' என்று பெயர் வைத்தவனே அவன்தான். எத்தனை வார்த்தை என்று பேரம் நடந்தது. முப்பத்திரண்டு என்றான் இவன், பல் கணக்கு. ஞானப்பல் எல்லாருக்குமா முளைக்கிறது என்று அக்கா இரண்டைத் தள்ளுபடி செய்தாள். முப்பது என்று முடிவானது. பூட்டைத் திறக்க வேண்டுமென்றால் ஏன் திறக்கணும் என்று முப்பது வார்த்தைக்குக் குறையாமல் எழுதிக் கொடுக்க வேண்டும். அட்மின் யாருக்காவது விதிவிலக்குக் கொடுத்தால் அவரும் காரணத்தை முப்பது வார்த்தைக்குக் குறையாமல் எழுத வேண்டும். இந்தக் கடைசி ஷரத்து அக்கா கைங்கர்யம். ஓட்டுக்கு விட்டார்கள். ஃபோரமே கைதூக்கியது, 'முதல் ஆளு நான்' உட்பட.

பதினாலு வகை ம் தெரிந்தவன், ம் என்பது ஒரு வார்த்தைதான் என்பதை அந்த நேரத்தில் மறந்துபோனான்.

பூட்டு விழப்போகிறவர்கள் பட்டியலை மிஷின் எடுத்துக் கொடுத்தது. முந்நூற்று நாற்பது பேர். ஸ்டூலில் உட்கார்ந்து கீழே இறங்கிக்கொண்டே வந்தவன் நூற்றுப் பதினேழாவது பெயரில் நின்றான். நசுங்கின பம்பர் அவனைப் பார்த்தது. பின்னால் கருவி வேகிற பாத்திரம் உஸ்ஸென்றது. அக்காவைக் கூப்பிட்டான்.

"அக்கா, நூத்திப்பதினேழாம் ஆளை விட்டுடலாமா?"

"யாரு, அந்த ம் போடுறவனா? ரெண்டு வருஷமா ம், ம், ம். மனுஷனா, ரைஸ்மில்லா அவன்?"

"தெரிஞ்சவரு அக்கா."

"தெரிஞ்சவருன்னா ஒரு வார்த்தை தம்பி. இன்னும் இருபத்தொம்பது எழுது, நானே கையெழுத்துப் போடுறேன்."

விதிவிலக்குப் பெட்டியைத் திறந்தான். 'காரணம்' என்று இருந்த இடத்தில் 'என் அண்ணன்' என்று அடித்தான். மிஷின் பணிவாகச் சொன்னது: இன்னும் இருபத்தெட்டு வார்த்தை தேவை. ஆக்காட்டு கரண்டியை வைத்துவிட்டு யோசித்தான். அண்ணனைப் பற்றி எழுத இருபத்தெட்டு வார்த்தை இல்லாமலா போகும்? இருந்தது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு கிளீனராக ஏறி இவனைப் படிக்க வைத்தது இருந்தது, கல்யாணத்துக்கு லாரியிலேயே பெண்ணை அழைத்து வந்தது இருந்தது. நாலு வாடகை நாற்காலியும் இருந்தது. அந்த நாற்காலி வந்த இடத்தில் விரல் நின்றுபோயிற்று. எழுதினால் அதையும் எழுத வேண்டும். டாக்டரம்மா உள்ளேயிருந்து, "ஏம்ப்பா, அடுத்த ஆளைக் கூப்பிடு" என்றாள். 'என் அண்ணன்' இரண்டையும் அழித்தான். முந்நூற்று நாற்பது பேருக்கும் சேர்த்து ஒரே பொத்தான். அழுத்தினான். உள்ளே ஏதாவது ஆகிறதா என்று கவனித்துப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. கையைக் கழுவிக்கொண்டு போய், "ஆ காட்டுங்க" என்றான்.

கட்டுப்பாடு வேலை செய்தது. முதல் வாரம் கூத்து. 'நல்லா இருக்கு' என்று எழுதி வந்தவன் இப்போது, 'நல்லா இருக்கு' என்பதைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி மாமன் மச்சான் சகிதம் முப்பது வார்த்தைக்கு இழுத்தான். பிறகு படிந்தது. கேள்வி கேட்டால் பதில் வந்தது. ஸ்டீரிங்கை எந்தப் பக்கம் திருப்பணும் என்று ஒருத்தன் படம் போட்டே விளக்கினான். மிட்டாய் உடைக்கப் போனவன்கூடத் திரும்பி வந்தான். அக்கா ஃபோனில் முதல்முறையாகச் சிரித்தாள்; டிரைவிங் ஸ்கூலில் பாதி ஜன்னல் உடைந்திருக்கும்.

ஆக்காட்டு அந்த வாரம் ஒரு பதிவு எழுதினான், பெட்ரோல் பங்கில் பின்னால் எடுத்து நிறுத்துவது எப்படி என்று. கீழே நாற்பது நல்ல பதில். ஒவ்வொன்றும் தேன். அவன் அத்தனையையும் தாண்டிக்கொண்டு அடிக்குப் போனான். அங்கே ஒன்றும் இல்லை. இல்லை என்று தெரிந்தும் மறுநாள் போனான். பல் பிடுங்கினவர்களிடம் அவன் சொல்கிற புத்திமதி ஒன்று உண்டு: "நாக்கை அந்தப் பொந்துல விடாதீங்க." யாரும் கேட்டதில்லை. அவனும் கேட்கவில்லை.

பூட்டைத் திறக்கக் கேட்டு வரும் விண்ணப்பங்கள் ஒரு பக்கத்தில் சேரும். போதாத வார்த்தையோடு வந்தவற்றை மிஷினே திருப்பி அனுப்பிவிடும், ஆனால் அட்மின் கண்ணுக்குத் தெரியும். இடதுபக்க பம்பரிடமிருந்து பதினோரு விண்ணப்பம் வந்திருந்தது. பதினொன்றிலும் 'ம்'. பதினோரு தடவையும் மிஷின், இன்னும் இருபத்தொன்பது வார்த்தை தேவை என்று சளைக்காமல் சொல்லியிருந்தது. பன்னிரண்டாவது விண்ணப்பத்தில் அண்ணன் ரொம்பவும் பிரயாசைப்பட்டிருந்தார். 'ம் ம்'. இன்னும் இருபத்தெட்டு. அதற்கப்புறம் வரவில்லை.

ஒன்பது நாள் போயிற்று. அண்ணனுடைய ஃபோன் நம்பர் ஆக்காட்டின் ஃபோனில்தான் இருந்தது. எடுத்துப் பார்த்தான், வைத்தான். கூப்பிட்டு என்ன சொல்வது? ஃபோரத்தில் உன்னைப் பூட்டியது நான்தான் என்றா? அதைச் சொல்ல நாலு வருஷத்தைத் தாண்டிப் போக வேண்டும். அவ்வளவு நீளத்தை ரிவர்ஸ் எடுக்க அவன் எந்தக் கேமிலும் கற்கவில்லை.

பத்தாம் நாள் காலையில் ஆஸ்பத்திரி வாசல் தெருவில் ஹாரன் சத்தமும் கூச்சலும் கேட்டது. சைக்கிளே சிரமப்பட்டு நுழைகிற அந்தச் சந்துக்குள் யாரோ லாரியைப் பின்பக்கமாகக் கொண்டு வந்து, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு, ஒரே வெட்டில் நிறுத்திவிட்டார்களாம். மருந்துக்கடைக்காரர் வந்து, தன் ஜென்மத்தில் இப்படி ரிவர்ஸ் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் ஆறாம் நம்பர் டோக்கன் உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்தது. தலை பாதி நரைத்திருந்தது. வலது கன்னம் வீங்கியிருந்தது.

ஆக்காட்டின் வாய் பழக்கத்தில் சொன்னது: "ஆ காட்டுங்க."

அண்ணன் ஆ காட்டினார்.

டாக்டரம்மாவுக்கு இது யார் என்று தெரியாது. கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, கடைவாய்ப்பல் வேரோடு போயிருக்கிறது, எடுத்துவிட வேண்டியதுதான் என்றாள். எத்தனை நாளாக வலிக்கிறது என்று கேட்டாள். வாயில் கண்ணாடி இருந்ததால் அண்ணன் நாலு விரலைக் காட்டினார்.

"நாலு நாளா?"

"ம்ஹூம்."

"நாலு வாரமா?"

"ம்ஹூம்."

"நாலு மாசமா? இவ்வளவு நாளா வச்சிக்கிட்டு இருப்பாங்க?"

"ம்ஹூம்."

டாக்டரம்மா கண்ணாடியை வெளியே எடுத்தாள். "நாலு வருஷமாவா?"

"ம்" என்றார் அண்ணன்.

இத்தனை வருஷம் எப்படிச் சாப்பிட்டாராம், ஒரு பக்கமாக மென்றாரா என்று டாக்டரம்மா ஊசியை ஏற்றிக்கொண்டே திட்டினாள். ஆக்காட்டு குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். கூரையைப் பார்த்துக் கிடந்த அண்ணனுடைய கண் ஒருமுறை திரும்பி இவன் மேல் பட்டுவிட்டு, மறுபடி கூரைக்குப் போயிற்று. ஊசி போட்டாயிற்று. கொஞ்ச நேரம் போனதும் டாக்டரம்மா வழக்கம்போலக் கேட்டாள்.

"மரத்துப் போச்சா?"

"ம்."

வழக்கம்போல அவள் ஆக்காட்டின் முகத்தைப் பார்த்தாள்.

"இல்ல டாக்டர். இவருக்கு இன்னும் மரத்துப் போகல."

இரண்டாவது ஊசி போட்டார்கள். அப்புறம்தான் பல் வந்தது. மூன்று வேரும் முழுசாக, ஒரு குட்டி ஸ்டூல் மாதிரி. அதைத் தட்டில் போட்டுவிட்டு, பொந்தில் பஞ்சு வைத்து, "அரை மணி நேரம் கடிச்சிக்கிட்டு இருங்க, வாயைத் திறக்கக் கூடாது, பேசக் கூடாது" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினாள். மற்ற எல்லாருக்கும் கண்டிப்பாகத் திரும்பச் சொல்லும் வேலை ஆக்காட்டுடையது. இன்றைக்கு அவன் சொல்லவில்லை. கையுறையைக் கழற்றினான். அடுத்த டோக்கனைக் கூப்பிடாமல் அண்ணன் பின்னாலேயே போய், வரவேற்பு அறைப் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். ஜன்னலுக்கு வெளியே இடதுபக்க பம்பர் தெருவையே அடைத்துக்கொண்டு நின்றது. படத்தில் பார்த்ததைவிட நசுங்கல் பெரிது.

உள்ளே ஏதாவது ஆகிறதா என்று கவனித்தான். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் வாயைத் திறந்தான்.

"அண்ணே, அன்னைக்கு நான் உன்னப் போகச் சொன்னேன்."

சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. வீங்கின கன்னத்தோடு, பஞ்சைக் கடித்துக்கொண்டு, மடியில் வைத்திருந்த கையில் ஒவ்வொரு விரலாக மடக்கினார். ஒரு கை முடிந்து, அடுத்த கையில் ஒரு விரல். ஆறு. அந்த ஆறையும் தம்பி முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். பிறகு, பின்னால் வரும் வண்டிக்கு வழி காட்டுகிற கிளீனர் மாதிரி, இன்னும் இருக்கு, வா வா என்று உள்ளங்கையை ஆட்டினார்.

இன்னும் இருபத்துநாலு.

ஏழாம் நம்பர் எங்கேப்பா என்று டாக்டரம்மா உள்ளேயிருந்து கேட்டாள். ஏழாம் நம்பர் எதிர்ப் பெஞ்சிலிருந்து எழுந்து, இவர்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்துகொண்டது. ஆக்காட்டு ஏழாவது வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தான்.